மருத்துவரின் சொல்லும் அவர் வருமானமும்

(வாலாஜாபாத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து இரண்டு எண்களை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 63.8 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் அது 36. அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன், 2015-16 கணக்கெடுப்பில், இதே எண்கள் 51.3, 26.3 என்று இருந்தன. இந்தியா முழுவதற்கும் சேர்த்த சராசரி 21.5. எந்த நாட்டிலும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் நடக்கக் காரணம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் சொன்னது. 2015இல் மறுபடி ஆராய்ந்து, ஒரு நாட்டின் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய் இறப்போ சிசு இறப்போ அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்றது. சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை. அது எட்டாத காலத்தில் நம் கிராமங்களில் எத்தனை தாய்மார் மாண்டார்கள் என்பதை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. இன்று தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது, அது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் பிரசவம் பார்ப்பவர்கள் ஒரே பாடம் படித்தவர்கள். பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய நம் மாநிலம் அரசு மருத்துவர்களை அனுமதிப்பதால், பல ஊர்களில் காலையில் அங்கே இருப்பவரும் மாலையில் இங்கே இருப்பவரும் ஒருவரே. அறிவும் அதே, கையும் அதே. மாறுவது பணம் எந்த வழியில் வருகிறது என்பது மட்டும். அந்த வழி சிகிச்சையை எவ்வளவு மாற்றுகிறது, நோயாளியின் நம்பிக்கையை என்ன செய்கிறது என்பதே இன்றைய பேச்சு.

நம்பிக்கை என்று ஏன் சொல்கிறேன்? மருத்துவத்தில் நாம் வாங்குவது என்னவென்று நமக்கே தெரியாது. துணிக்கடையில் சேலையைத் தடவிப் பார்க்கலாம், வேறு கடைக்குப் போகலாம். வலியோடு படுத்திருக்கும் பெண்ணிடம், "குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று சொன்னால் அவளோ வெளியே நிற்கும் கணவனோ மாமியாரோ அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகும், அது தேவைப்பட்டதா என்பதை அறிய வழியில்லை. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையமே இதுதான்: மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது, எனவே சாதாரணச் சந்தையின் விதிகள் இங்கே செல்லாது, அந்த இடைவெளியை நம்பிக்கைதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் விவசாயிகள். நெல்லை எடை போடுகிறவரும் விலை கொடுத்து வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் தராசை எத்தனை முறை எட்டிப் பார்ப்பீர்கள்? என்ன சிகிச்சை வேண்டும் என்று சொல்பவரே அந்தச் சிகிச்சையை விற்பவராகவும் இருக்கும்போது, எட்டிப் பார்க்க ஒரு தராசுகூட நோயாளிக்கு இல்லை.

இப்படிச் சொன்னவுடன் மருத்துவ நண்பர்கள் வருந்துவார்கள். "எங்களைத் திருடர்கள் என்கிறீர்களா?" இல்லை. நேர்மையற்றவர்கள் சிலர் எல்லாத் தொழிலிலும் உண்டு. அவர்களைப் பற்றி மட்டும் பேசுவதாக இருந்தால் காவல்துறை போதும், சொற்பொழிவு வேண்டாம். நான் பேசுவது நேர்மையான மருத்துவரைப் பற்றி. சுகப்பிரசவம் என்றால் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில வேளை இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடியும், கட்டணம் அதிகம், மயக்க மருந்து கொடுப்பவர் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், ஏதாவது தவறிப்போனால் "ஏன் ஆபரேஷன் செய்யவில்லை" என்று கேட்பார்களே தவிர "ஏன் செய்தீர்கள்" என்று எவரும் கேட்பதில்லை. காத்திருப்பதா, கத்தியை எடுப்பதா என்று ஐயம் வரும் நேரங்கள் மகப்பேற்றில் நிறைய. அந்த ஐயத்தில் நேரம், பணம், பயம் மூன்றும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. தள்ளப்படுகிறோம் என்று தள்ளப்படுகிறவருக்கே தெரியாது; நோயாளியின் நன்மைக்காகத்தான் முடிவெடுத்தோம் என்று அவர் மனதார நம்புவார். ஜொனாதன் குரூபர், மரியா ஓவிங்ஸ் என்ற இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. 1970க்கும் 1982க்கும் இடையில் அமெரிக்காவில் பிறப்பு விகிதம் 13 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பிரசவ மருத்துவர்களின் வருமானம் சுருங்கியது. எந்த மாநிலங்களில் பிறப்பு அதிகம் குறைந்ததோ அங்கே சிசேரியன் விகிதம் கூடுதலாக ஏறியது. அந்தக் கால உயர்வு முழுவதற்கும் இது காரணமல்ல, ஒரு பங்குதான் என்பதையும் அவர்களே சொன்னார்கள். அந்த அளவோடு நானும் நிற்கிறேன்.

இன்னொரு மறுப்பு நம் வீடுகளிலிருந்தே வரும். "தாய்மாரே கேட்கிறார்கள். நல்ல நேரம் குறித்துக் கொண்டு வருகிறார்கள். வலி தாங்க மாட்டேன் என்கிறார்கள்." இதில் உண்மை இருக்கிறது. நட்சத்திரம் பார்த்து வயிற்றைத் திறக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதற்கு மருத்துவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் எல்லா விவரமும் தெரிந்த தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று பார்க்க ஒரு வழி உண்டு. மருத்துவராக இருக்கும் பெண்கள் தாமே பிரசவத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? எரின் ஜான்சனும் மரித் ரெஹாவியும் அமெரிக்காவில் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். மற்ற படித்த தாய்மாரோடு ஒப்பிட்டால் மருத்துவத் தாய்மாருக்கு சிசேரியன் நடப்பது ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் இருக்கிறது. ஆபரேஷனால் மருத்துவமனைக்கு லாபமா நட்டமா என்பதைப் பொறுத்து மற்றத் தாய்மாரின் சிசேரியன் விகிதம் கூடிக் குறைந்தது. மருத்துவத் தாய்மாரின் விகிதமோ பெரிதாக அசையவில்லை. அறிந்தவரிடம் பணத்தின் இழுப்பு செல்லுபடியாகவில்லை, அறியாதவரிடம் செல்லுபடியானது. ஆகவே விருப்பம் என்பது எவ்வளவு தூரம் தாயின் விருப்பம், எவ்வளவு தூரம் அவளுக்குச் சொல்லப்பட்டதன் விளைவு என்று கேட்காமல் இருக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு இவற்றைவிடக் கனமானது. சம்பளம் வாங்கும் அரசு மருத்துவமனையிலேயே 36 சதவீதம் இருக்கிறதே, அங்கே யாருக்கு லாபம்? சரியான கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பார்க்க முடியாத சிக்கலான பிரசவங்கள் காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனைக்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கும் அனுப்பப்படுகின்றன. அங்கே கத்தி அதிகம் தேவைப்படுவது இயல்பு. தாய் இறப்பு ஒவ்வொன்றும் தணிக்கை செய்யப்படுவதால் மருத்துவருக்குப் பயம் இருக்கிறது. தாய் இறப்பைக் குறைக்க உதவியதும் அந்தத் தணிக்கைதான். நெரிசல் மிகுந்த பிரசவ வார்டில் பொறுத்திருந்து பார்க்க ஆளில்லை. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் அப்படியே முடிகிறது. ஆக, பணம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. சிக்கலான பிரசவங்களைப் பெருமளவில் ஏற்கும் இடத்தில் 36 என்றால், அந்தச் சுமை குறைந்த இடத்தில் 63.8 எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. அதோடு, சம்பளம் தானாகவே நம்பிக்கையைக் கொண்டுவந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு ஒரு தொகை என்று பிரசவ வார்டில் கேட்டு வாங்கும் கொடுமையை அறியாதவர் இந்த மாவட்டத்தில் யார்? குழந்தையின் முகத்தைக் காட்டக் காசு கேட்கிற இடத்தில் இலவசம் என்ற சொல் ஏழையின் காதில் எப்படி விழும்! குறைந்த செலவில் நல்ல மருத்துவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தும் கடன் வாங்கித் தனியாரிடம் போகிறவர்களில் பலர் அந்த அவமானத்திலிருந்து தப்பித்தான் போகிறார்கள்.

பணம் வரும் வழியை வேறு விதமாக அமைக்க முடியுமா? பக்கத்திலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. நாம் அமர்ந்திருக்கும் இந்த ஊரிலிருந்து செங்கல்பட்டு சாலையில் பழையசீவரம் போய், பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ 1068ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஓர் ஆதுலர்சாலையின், அதாவது மருத்துவமனையின், கணக்கைச் சொல்கிறது. வீரசோழன் என்று அதற்குப் பெயர். நோயாளிகளுக்கு 15 படுக்கைகள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அதற்கு மேல் நிலமும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. இதை வைத்துப் பொற்காலப் பெருமை பேச நான் வரவில்லை. அந்த மருத்துவமனை கோயிலையும் அங்கிருந்த கல்விச்சாலையையும் சார்ந்தவர்களுக்கானது, ஊரில் உள்ள எல்லோருக்குமானது அல்ல. நான் பார்ப்பது அதன் ஏற்பாட்டை. மருத்துவருக்கு ஊதியம் ஆண்டுக் கணக்கு. எத்தனை பேரை அறுத்தார், எத்தனை மருந்து கொடுத்தார் என்பதற்கும் அந்த 90 கலத்துக்கும் தொடர்பில்லை. மருந்து வாங்கும் செலவு வேறு வழியில் வந்தது. மருத்துவரின் சொல்லுக்கும் அவர் வருமானத்துக்கும் நடுவே முடிச்சு விழாமல் கணக்கை எழுதியிருக்கிறார்கள்.

அந்த முடிச்சை நம் காலத்திலும் அவிழ்க்க முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. அதுவரை மருந்துக் கொள்முதல் சிதறிக் கிடந்தது, ஊழலுக்கு இடம் தந்தது, மாத்திரை இல்லாத ஆஸ்பத்திரிகள் சாதாரணம். கழகம் தேவையான மருந்துகளின் பட்டியலை வகுத்து, மொத்தமாக டெண்டர் விட்டு, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பியது. மருந்து அதன் பொதுப் பெயரில் வந்தது. விளைவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் மருத்துவருக்கு எந்த மாத்திரை எழுதினாலும் வருமானத்தில் ஒரு பைசா கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. வெளியே நிலைமை வேறு. மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் தருவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் 2009 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்து தடுத்தார்கள். அப்படித் தந்த செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா என்ற வழக்கு சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்தின் பெயரால் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சத்து மாத்திரையைப் பிரபலமாக்க மருத்துவர்களுக்குத் தந்தவற்றின் செலவு 4 கோடி 72 லட்சம் ரூபாய். 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் கழிவு கிடையாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பரிசுகளின் விலை கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதையும் அது சுட்டியது. இதே விதிகள் நோயாளியை அனுப்பிவைத்ததற்காகக் கமிஷன் வாங்குவதையும் தடுக்கின்றன. இருந்தும் ஸ்கேன் சென்டரிலிருந்தும் லேபிலிருந்தும் "கட்" போகிறது என்பது ஊரறிந்த பேச்சு. அந்தப் பேச்சே ஒரு நோய். உண்மையிலேயே ஸ்கேன் தேவைப்படும் நோயாளி, "இவருக்குக் கமிஷன் வரும், அதான் எழுதித் தருகிறார்" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கமிஷன் வாங்காத மருத்துவரின் சொல்லும் அங்கே மதிப்பிழக்கிறது. முறைகேடு செய்தவர் சம்பாதித்துவிட்டார். நேர்மையானவர் தன் நோயாளியின் நம்பிக்கையை இழந்தார். நோயாளி நோயைக் கண்டறியும் காலத்தை இழந்தார்.

"முடிச்சை அவிழ்த்தால் உழைப்பும் அவிழ்ந்துவிடும், மாதச் சம்பளக்காரர் ஏன் கூடுதலாக ஒரு நோயாளியைப் பார்ப்பார்?" என்று கேட்பவர்களுக்கு மதுரையைக் காட்டுகிறேன். 1976இல் மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் மருத்துவர்கள் சம்பளத்துக்கே வேலை செய்கிறார்கள். கட்டணம் செலுத்துபவருக்கும் இலவசமாக வருபவருக்கும் அறுவை செய்வது ஒரே மருத்துவர்கள். உலகிலேயே மிக அதிகமாகக் கண்புரை அறுவை நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. இங்கிருந்து பேருந்தேறி நம் மக்கள் போகும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவர்களுக்கு நிலையான சம்பளம்தான், தனித்தொழில் அனுமதி இல்லை. தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்ல, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்து அங்கே ஏன் காத்துக் கிடக்கிறார்கள்? நல்ல கருவிகள் கொல்கத்தாவிலும் உண்டு. தேவையில்லாததைச் செய்ய மாட்டார்கள் என்ற எண்ணத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்பது என் முடிவு.

காப்பீடு வந்த பிறகு இந்த முடிச்சு புதிய உருவம் எடுத்திருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. அதை யாரும் குறைக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை என்று அரசு விலை குறித்தால், அந்த விலைப்பட்டியலே மருத்துவமனைக்குப் பாடத்திட்டமாகிவிடும் ஆபத்து உண்டு. எது லாபமோ அது அதிகம் நடக்கும். எது கட்டுப்படியாகாதோ அதற்கு "படுக்கை இல்லை" என்ற பதில் வரும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பை அகற்றப்பட்டதும், அதில் காப்பீட்டுப் பணம் குறிவைக்கப்பட்டதும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. 2023 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கருப்பையை இழந்த பெண்களில் பலர் கையில் காப்பீட்டு அட்டை இருந்தது, செலவு அரசுடையது. ஆகவே "இலவசம்தானே" என்று வீட்டாரும் கேள்வி கேட்காமல் விட்டிருப்பார்கள். நோயாளியின் பணம் கரையவில்லை என்பதற்காக அவள் உடல் கரையவில்லை என்று ஆகிவிடாது. இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாட்டையும் நாம் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்கும் என்றது, அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். லாரிகள் இடைவிடாது ஓடும் ஒரகடம் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து "முன்பணம் யார் கட்டுவது" என்று கேட்கத் தேவையில்லை என்றால், தனியார் மருத்துவமனையும் கதவைத் திறக்கும். அங்கே பணம்தான் உயிரைக் காத்தது. ஆகவே பணத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அது எதனோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் கவலை.

அப்படியானால் நாம் என்ன கேட்க வேண்டும்? சட்டம் கேட்கலாம், ஆனால் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997லேயே வந்துவிட்டது, அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. இருபது ஆண்டுக்கு மேல் அது தாளில் உறங்கியது. எனவே உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்போம்: கணக்கு. பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் இடக் கூடாது என்கிறது. பொதுக் காரியம் பார்ப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கருவுற்ற பெண்கள் அனைவரும் அரசின் இணையப் பதிவில் பதிந்து எண் பெற்றால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்பது 2017இலிருந்து நடைமுறை. ஆகவே எந்த மருத்துவமனையில் எத்தனை பிரசவம், அதில் எத்தனை சிசேரியன் என்ற கணக்கைத் திரட்டும் வசதி சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. அரசு, தனியார் என்று பாராமல், மருத்துவமனை வாரியாக அதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மருத்துவமனையின் வாசலில், கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

"அப்படிச் செய்தால் சிக்கலான பிரசவத்தை யாரும் ஏற்க மாட்டார்கள், எண்ணிக்கை கெட்டுவிடும் என்று திருப்பி அனுப்புவார்கள்" என்று மருத்துவர்கள் அஞ்சுவார்கள். நியாயமான அச்சம். அதற்கு மருத்துவ உலகமே விடை கண்டிருக்கிறது. மைக்கேல் ராப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 2001இல் பிரசவங்களைப் பத்து வகையாகப் பிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் அந்த முறையைப் பரிந்துரைத்தது. முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைக் குழந்தை, குழந்தை குறுக்கே கிடப்பது, குறைமாதம் என்று எல்லாம் தனித்தனி வகையில் போய்விடும். முதல் வகையில் மிஞ்சுவது முதல் பிரசவக்காரி, ஒரே குழந்தை, தலை கீழ்நோக்கி, மாதம் நிறைந்து, வலி தானாக எடுத்து வந்தவள். சிக்கல் மிகக் குறைந்த தாய்மார் அடங்கிய வகைகளில் இதுவும் ஒன்று. இவளை வைத்து ஒரு மருத்துவமனையை இன்னொன்றோடு ஒப்பிட்டால் எந்த மருத்துவருக்கும் அநீதி நேராது. முதல் ஆண்டில் இந்த ஒரு வகையின் கணக்கு மட்டும் வந்தால் போதும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் இதைத் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊராட்சியும் வரும் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பலாம். தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.